வாங்கிய பின் வரும் வருத்தம்: அநுசயம் முதல் 'கூலிங் ஆஃப்' வரை

கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்த சட்டைத் துணி, வீட்டுக்கு வந்து வாசலில் பிரித்துப் பார்த்தால் வேறு நிறமாகத் தெரிகிறது. "இதையா இவ்வளவு விலை கொடுத்து வாங்கினோம்?" என்று ஒரு கேள்வி வயிற்றுக்குள் புரளும். அடுத்த கேள்வி, "பக்கத்திலிருந்த அந்த நீல நிறத்தையே எடுத்திருக்கலாமோ?" என்பது. இந்த உணர்வு வராத மனிதர் இருக்க முடியாது. மேலாண்மைப் பாடப் புத்தகங்களில் இதற்கு 'பையர்ஸ் ரிமோர்ஸ்' என்று பெயர் வைத்து, ஏதோ சூப்பர் மார்க்கெட்டும் கிரெடிட் கார்டும் வந்த பிறகு பிறந்த நோய் போல ஒரு பக்கம் எழுதியிருப்பார்கள்.

உண்மையில் இந்த வருத்தம் மிகப் பழையது. அதைவிட ஆச்சரியம், இந்தியாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதற்கென்று தனியாகச் சட்டத் தலைப்பு இருந்தது! வருத்தம் எல்லோருக்கும் வருகிறது. ஆனால் அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதை ஒவ்வொரு சமூகமும் தன் வழியில் தீர்மானித்திருக்கிறது. அது வாங்கியவனின் முட்டாள்தனமா? விற்றவனின் கடமையா? ஊரே கூடித் தீர்க்க வேண்டிய வழக்கா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களின் வரலாற்றைப் பார்ப்போம்.

மனுஸ்மிருதியின் எட்டாவது அத்தியாயம் அரசன் விசாரிக்க வேண்டிய வழக்குகளைப் பதினெட்டு வகையாகப் பிரிக்கிறது. கடன் திருப்பித் தராதது முதல் வகை. அடைக்கலப் பொருள், கூட்டு வியாபாரம், கூலி கொடுக்காதது என்று வரிசை போகிறது. அதில் எட்டாவது, 'கிரய விக்கிரய அநுசயம்'. கிரயம் என்றால் வாங்குதல், விக்கிரயம் என்றால் விற்றல். (பத்திரப் பதிவு அலுவலகத்தில் இன்றும் 'கிரயப் பத்திரம்' என்றுதான் சொல்கிறோம்.) அநுசயம் என்றால் பின்னால் வரும் மனவருத்தம். ஆக, வாங்கியதையோ விற்றதையோ நினைத்து வருந்துவது என்பதே வழக்கின் பெயர்! பொருளில் குறை இருந்தது, ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் அந்தப் பெயரிலேயே இல்லை. மனம் மாறியது, அவ்வளவுதான். அப்படி மனம் மாறியவர் பத்து நாளுக்குள் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்கிறது மனு. பத்து நாள் தாண்டிவிட்டால் கொடுக்கவும் கூடாது, கேட்கவும் கூடாது. மீறினால் அரசன் அபராதம் போடுவான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, விற்றவருக்கும் அதே உரிமை இருந்தது என்பது. இன்று உலகில் எந்தக் கடையிலும் "நேற்று உங்களுக்கு விற்ற டிவியை நினைத்து ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை, திருப்பிக் கொடுங்கள்" என்று கடைக்காரர் வந்து நிற்கப்போவதில்லை. அவரிடம் அதே போல இன்னும் நூறு டிவி இருக்கிறது. ஆனால் மாட்டை விற்றுவிட்டு வீடு திரும்பும் விவசாயியை நினைத்துப் பாருங்கள். அந்தத் தொழுவத்தில் இருந்தது அந்த ஒரு மாடுதான். வெறும் கட்டுத்தறியைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் அவருக்கு மனம் என்ன பாடு படும்! பொருள்கள் எண்ணிக்கையில் குறைவாகவும், ஒவ்வொன்றும் தனித்தனி முகத்தோடும் இருந்த காலத்தில் வருத்தம் இரண்டு பக்கமும் வந்தது. எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட பிறகுதான் அது வாங்குபவரின் தனிச் சொத்தாக மாறியது.

அர்த்தசாஸ்திரம் இன்னும் நுட்பமாகப் போகிறது. (இந்த நூல் பல நூற்றாண்டுகள் கண்ணில் படாமல் கிடந்து, 1905-ல் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்த ஓலைச்சுவடியில் இருந்துதான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. கிரந்த எழுத்தில் இருந்த அதை ஆர். சாமசாஸ்திரி 1909-ல் பதிப்பித்தார். 1915-ல் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தார்.) அதன் மூன்றாம் பகுதியில் ஒரு முழு அத்தியாயமே இந்த வருத்தத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. வணிகர்களுக்கு அநுசயக் காலம் ஒரே ஓர் இரவு. உழவர்களுக்கு மூன்று இரவுகள். மாடு மேய்ப்பவர்களுக்கு ஐந்து.

ஏன் இந்த வேறுபாடு? நூல் காரணம் சொல்லவில்லை. ஆனால் ஊகிப்பது கடினமில்லை. வணிகனுக்குச் சந்தைதான் வீடு. விலையும் தரமும் விரல் நுனியில். அவனுக்கு யோசிக்க ஓர் இரவு போதும். உழவன் ஊருக்குப் போக வேண்டும், வீட்டில் நாலு பேரைக் கேட்க வேண்டும். மாடு மேய்ப்பவன் இன்னும் தூரத்தில் காட்டோரம் இருப்பவன். "வாங்குபவர் எல்லோரும் சமம்" என்று தொடங்கும் நவீனச் சட்டத்தைவிட இது ஒரு விதத்தில் யதார்த்தம் தெரிந்த பார்வை. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வரியிலேயே உயர் வர்ணத்தார் தங்கள் பிழைப்புக்கு ஆதாரமானதை விற்க நேர்ந்தால் ஏழு இரவுகள் என்று வருகிறது. தொழிலைப் பார்த்துக் கொண்டிருந்த அளவுகோல் சட்டென்று பிறப்பைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது.

பிறகு வந்த நாரத ஸ்மிருதி ஒரு கணக்குப்பிள்ளையின் துல்லியத்தோடு விலைப்பட்டியலே போட்டிருக்கிறது. வாங்கிய அன்றே, பொருள் கெடாமல் திருப்பினால் முழுப் பணம். இரண்டாம் நாள் திருப்பினால் விலையில் முப்பதில் ஒரு பங்கு பிடித்தம். மூன்றாம் நாள் அதைப் போல இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு பொருள் வாங்கியவருடையதே. அதோடு, ஒவ்வொரு பொருளையும் சோதித்துப் பார்க்கத் தனித்தனிக் கெடு: இரும்புக்கும் துணிக்கும் ஒரு நாள், கறவை மாட்டுக்கு மூன்று நாள், பொதி சுமக்கும் விலங்குக்கு ஐந்து நாள், முத்து பவளம் மணிகளுக்கு ஏழு நாள், தானியத்துக்குப் பத்து நாள். துணியைப் பிரித்துப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். மாடு கறக்கும் அளவு முதல் நாளில் தெரியாது. விற்பதற்கு முதல் நாள் கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டும் வேலை எந்தக் காலத்திலும் உண்டு. மூன்று நாள் கறந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். விதை முளைக்கிறதா என்று பார்க்கப் பத்து நாள் வேண்டும். நாளின் எண்ணிக்கை வெறும் எண் இல்லை. அந்தப் பொருளின் குணம் வெளிப்பட எடுக்கும் நேரம்.

இவ்வளவையும் படித்துவிட்டு "ஆகா, நம் முன்னோர்!" என்று மார்தட்ட எழுந்தால், அதே பட்டியலின் மீதி வரிகள் கையைப் பிடித்து உட்கார வைக்கின்றன. அடிமை ஆணைச் சோதிக்க அரை மாதம். அடிமைப் பெண்ணைச் சோதிக்க ஒரு மாதம். கறவை மாட்டுக்கும் பவளத்துக்கும் நடுவில், அதே இலக்கணத்தில், அதே எண்ணிக்கை வரிசையில் இது வருகிறது. அர்த்தசாஸ்திரத்தில் நாற்கால் விலங்குகளைத் திருப்பிக் கொடுக்க மூன்று பட்சம், அதாவது ஒன்றரை மாதம். மனிதரைத் திருப்பிக் கொடுக்க ஓர் ஆண்டு. அந்தக் காலத்துக்குள்தான் நல்லது கெட்டது தெரியவரும் என்று காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது.

அதே அத்தியாயத்தில்தான் திருமணமும் வருகிறது. பெண்ணுக்கு இருக்கும் குறையை மறைத்துக் கொடுத்தால் 96 பணம் அபராதம். மனுவும் இந்தத் தலைப்பின் கீழேயே அதே 96 பணத்தைச் சொல்கிறது. மாப்பிள்ளையின் குறையை மறைத்தால் அர்த்தசாஸ்திரத்தில் இரு மடங்கு அபராதம் உண்டு என்பது கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் மணமகள் என்பவள் 'வாங்கிய பின் வருந்துதல்' என்ற அதிகாரத்தில் ஏன் வர வேண்டும்? வருந்தும் உரிமை யாருக்கு, வருத்தப்படப்படும் பொருளாக நிற்பது யார் என்பதையும் பண்பாடுதான் முடிவு செய்கிறது. திருப்பி அனுப்பப்பட்ட அந்த அடிமைப் பெண்ணின் வருத்தத்துக்கு எந்த ஸ்மிருதியிலும் நாள் கணக்கு இல்லை.

இஸ்லாமியச் சட்ட மரபு இதே சிக்கலை வேறு திசையில் அணுகியது. அங்கே 'கியார்' என்று ஒரு சொல் உண்டு. தேர்வு உரிமை என்று பொருள். பேசி முடித்த பிறகும் குறிப்பிட்ட நாளுக்குள் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே நிபந்தனை போட்டுக்கொள்ள முடியும். பொதுவாக அது மூன்று நாள். வியாபாரம் பேசிய இடத்தை விட்டு இருவரும் பிரியும் வரை யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம் என்ற விதியும் உண்டு. இதை ஹனஃபி, மாலிகி சட்டப் பிரிவினர் ஏற்பதில்லை. ஷாஃபி பிரிவினர் ஏற்கிறார்கள். (தமிழகக் கடற்கரை முஸ்லிம்களும் இலங்கை முஸ்லிம்களும் பெரும்பாலும் ஷாஃபி வழியினர்.)

இதையெல்லாம் விட முக்கியமானது 'இகாலா' என்ற கருத்து. கெடு எல்லாம் முடிந்துவிட்டது, திருப்பி வாங்க வேண்டிய கட்டாயம் விற்றவருக்கு இல்லை. ஆனாலும் வாங்கியவர் வருந்தி வந்து நின்றால், விற்றவர் மனமிரங்கி ஒப்பந்தத்தை ரத்து செய்வது இறைவனிடம் நன்மை பெற்றுத் தரும் செயல் என்று நபிமொழி சொல்கிறது. அதாவது, ஒருவரின் வருத்தம் இன்னொருவருக்குப் புண்ணியம் தேடிக்கொள்ளும் வாய்ப்பு. ஸ்மிருதிகள் நாளையும் வட்டத்தையும் எண்ணிய இடத்தில், இங்கே தயவுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டது.

இங்கிலாந்துக்கு வருவோம். 1603-ஆம் ஆண்டு. லோப்பஸ் என்பவர் சாண்ட்லர் என்ற பொற்கொல்லரிடம் ஒரு கல் வாங்கினார். அது 'பெசோவார்' கல், ஆடு போன்ற விலங்குகளின் வயிற்றில் உருவாவது, விஷத்தை முறிக்கும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். விலை 100 பவுண்டு! அன்றைக்கு அது ஒரு பெருந்தொகை. பிறகு பார்த்தால் அது பெசோவார் கல்லே இல்லை. வழக்குப் போட்டார். மேல் நீதிமன்றம் கடைசியில் சொன்னது இதுதான்: விற்றவர் "இது பெசோவார் கல்" என்று சொன்னார், சரி, ஆனால் "இதற்கு நான் உத்தரவாதம்" என்று சொல்லவில்லையே! ஆகவே வாங்கியவருக்கு எதுவும் கிடையாது. 'வாங்குபவனே, ஜாக்கிரதை' என்று பொருள்படும் 'கேவியட் எம்ப்டார்' என்ற லத்தீன் தொடர் ஆங்கிலச் சட்டத்தின் முகமாக ஆனதற்கு இந்த வழக்கை உதாரணமாகக் காட்டுவார்கள். இந்தப் பார்வையில் வாங்கிய பின் வரும் வருத்தம் ஒரு தண்டனை. கண்ணைத் திறந்து பார்க்காதவனுக்குக் கிடைத்த பாடம்.

வினோதம் என்னவென்றால், இந்த இரண்டு பார்வைகளும் ஒரே ஊரில், ஒரே நீதிமன்றத்தில் சந்தித்தன. 1781-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டப்படி, கல்கத்தா உச்ச நீதிமன்றம் இந்துக்களின் ஒப்பந்த வழக்குகளை இந்து சாஸ்திரப்படியும், முஸ்லிம்களின் வழக்குகளை இஸ்லாமியச் சட்டப்படியும் தீர்க்க வேண்டும். ஆங்கில நீதிபதிகளுக்குச் சாஸ்திரம் எங்கே தெரியும்? அதனால் வில்லியம் ஜோன்ஸின் ஏற்பாட்டில் ஜகந்நாத தர்க்கபஞ்சானனர் என்ற வங்காளப் பண்டிதர் ஒரு பெரிய தொகுப்பு நூல் எழுதினார். கோல்புரூக் அதை மொழிபெயர்க்க, 1798 வாக்கில் அச்சில் வந்தது. வாரிசுரிமையோடு ஒப்பந்தங்களும் அதில் விரிவாக உண்டு. விற்றதையும் வாங்கியதையும் ரத்து செய்வதும் உண்டு.

ஆனால் 1872-ல் இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தது. ஆங்கிலக் கொள்கைகளின் அடிப்படையில் எழுதப்பட்ட அது எல்லோருக்கும் பொது. அநுசயம் சத்தமில்லாமல் காணாமல் போனது. பொருள் விற்பனை பற்றிய பகுதி 1930-ல் தனிச் சட்டமானபோது, அதன் 16-வது பிரிவில் அந்தப் பழைய 'வாங்குபவனே, ஜாக்கிரதை' சில விதிவிலக்குகளோடு உட்கார்ந்துகொண்டது. கல்யாணமும் வாரிசுரிமையும் மதத்தோடு சேர்ந்தவை என்று தொடாமல் விட்டவர்கள், கடைவீதியை மட்டும் மாற்றிவிட்டார்கள். சாதி அளவுகோலும் அடிமைக் கணக்கும் ஒப்பந்தச் சட்டத்தில் இல்லாமல் போனது நல்லதே. கூடவே அந்தப் பத்து நாளும் போய்விட்டது.

இதற்கு நடுவே மேற்கில் கடைக்காரர்கள் சட்டத்தை முந்திக்கொண்டார்கள். பாரிஸில் அரிஸ்தீத் பூசிக்கோ தனது 'போன் மார்ஷே' கடையில் நிலையான விலையையும், பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் வசதியையும் பிரபலமாக்கினார். அமெரிக்காவில் தபால் மூலம் சாமான் விற்ற மாண்ட்கோமரி வார்டு 1875-ல் "திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ்" என்று அறிவித்தார். இது தர்மம் இல்லை, கணக்கு. சிகாகோவில் இருக்கும் முகம் தெரியாத கம்பெனிக்குக் கிராமத்து விவசாயி எந்த நம்பிக்கையில் பணம் அனுப்புவார்? பின்னால் வரப்போகும் வருத்தத்தை நினைத்துத்தான் அவர் கை பின்வாங்குகிறது. அந்தப் பயத்தை முன்கூட்டியே எடுத்துவிட்டால் ஆர்டர் வந்துவிடும். வருத்தம் முதன்முதலாக விற்பனை உத்தியாக மாறியது இந்தக் காலகட்டத்தில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

சரி, இந்த வருத்தம் மனதுக்குள் எப்படி வேலை செய்கிறது? இதை ஆராய்ந்த கதையிலும் இந்தியாவுக்கு ஒரு பங்கு இருக்கிறது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் பூகம்பம் உலுக்கியது. அதிர்வை உணர்ந்தும் சேதம் எதுவும் இல்லாத ஊர்களில் மக்கள் பயங்கரமான வதந்திகளைப் பரப்பினார்கள்: இன்னும் பெரிய பூகம்பம் வருகிறது, பிரளயம் வருகிறது என்று. பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் இவற்றைத் தொகுத்து எழுதினார். பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் லியோன் ஃபெஸ்டிங்கர் இதைப் படித்துக் குழம்பினார். பயந்தவர்கள் ஏன் மேலும் பயமுறுத்தும் கதைகளை நம்ப வேண்டும்? அவர் கண்டுபிடித்த பதில்: ஏற்கெனவே மனதில் பயம் இருக்கிறது, அதற்குத் தகுந்த காரணம் கண்ணெதிரே இல்லை, அதனால் காரணத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள். மனம் முரண்பாட்டைத் தாங்காது. இதிலிருந்து பிறந்ததுதான் 1957-ல் அவர் வெளியிட்ட 'அறிதல் முரண்' கோட்பாடு.

அவருடைய மாணவர் ஜாக் பிரெம் 1956-ல் இதை வீட்டுச் சாமான்களை வைத்துச் சோதித்தார். மாணவிகளிடம் டோஸ்டர், ரேடியோ போன்ற பொருள்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு இரண்டில் ஒன்றைப் பரிசாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். தேர்ந்தெடுத்த பின் மறுபடி மதிப்பெண் கேட்டால், எடுத்ததன் மதிப்பு ஏறியிருந்தது, விட்டதன் மதிப்பு இறங்கியிருந்தது! எட்டாத திராட்சை புளிக்கும் என்ற நரிக் கதையின் ஆய்வுக்கூட வடிவம். 1957-ல் வந்த இன்னோர் ஆய்வு, புதிதாகக் கார் வாங்கியவர்கள் தாங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்ட காரின் விளம்பரத்தையே தேடிப் படிப்பதைக் காட்டியது. வாங்குவதற்காகப் படிப்பதில்லை. வாங்கியது சரிதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளப் படிக்கிறார்கள்.

1964-ல் எலைன் வால்ஸ்டர் செய்த சோதனை இன்னும் சுவாரசியம். அமெரிக்க ராணுவத்தில் சேர்க்கப்பட்ட இளைஞர்களிடம் இரண்டு வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். சிலரிடம் உடனே, சிலரிடம் 4 நிமிடம் கழித்து, சிலரிடம் 15 நிமிடம் கழித்து, சிலரிடம் 90 நிமிடம் கழித்துக் கருத்துக் கேட்டார். நான்காவது நிமிடத்தில் வருத்தம். விட்ட வேலையே நல்ல வேலையாகத் தெரிந்தது. பதினைந்தாவது நிமிடத்தில் மனம் சமாதானம் ஆகி, எடுத்ததே உயர்வாகத் தெரிந்தது. நாரதர் நாளில் அளந்ததை வால்ஸ்டர் நிமிடத்தில் அளந்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இதெல்லாம் மனித மனத்தின் பொது விதி என்றுதான் நாற்பது ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1997-ல் ஸ்டீவன் ஹைனும் டாரின் லேமனும் ஒரு குண்டைப் போட்டார்கள். கனடாக்காரர்களிடமும் ஜப்பானியர்களிடமும் இசை சிடிக்களை வரிசைப்படுத்தச் சொல்லி, கிட்டத்தட்ட ஒரே அளவு பிடித்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கனடாக்காரர்கள் எதிர்பார்த்தபடியே தாங்கள் எடுத்ததை உயர்த்தினார்கள். ஜப்பானியர்களிடம் அந்த ஏற்ற இறக்கம் காணவில்லை!

அப்படியானால் ஜப்பானியருக்கு வாங்கிய பின் மனம் உறுத்தாதா? உறுத்தும். ஆனால் வேறு இடத்தில். 2004-ல் ஷினோபு கிடாயாமாவும் சக ஆய்வாளர்களும் அதே சோதனையில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். மற்றவர்களின் விருப்பம் என்னவாக இருக்கும் என்று யோசிக்க வைத்தார்கள். ஒரு சோதனையில் வெறும் முகங்கள் வரைந்த சுவரொட்டியை எதிரே மாட்டினார்கள். உடனே ஜப்பானியர்களும் தங்கள் தேர்வை நியாயப்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற உணர்வு போதும்! 2005-ல் கனடாவில் எட்சுகோ ஹொஷினோ பிரவுன் குழுவினர் சீன உணவகத்தின் மெனுவை வைத்துச் சோதித்தார்கள். ஐரோப்பிய வம்சாவளியினர் தமக்காக எடுத்த உணவை நியாயப்படுத்தினார்கள். ஆசிய வம்சாவளியினர் நண்பருக்காக எடுத்த உணவை நியாயப்படுத்தினார்கள். "எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லையே" என்பது ஒருவகை உறுத்தல். "அவனுக்கு எது பிடிக்கும் என்று தெரியாமல் போய்விட்டதே" என்பது இன்னொரு வகை.

தமிழ் வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கூனி கையிலிருந்து மாதவியின் மாலையை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்து வாங்குகிறான். தமிழ் இலக்கியத்தின் மிக விலை உயர்ந்த, மிக மோசமான கொள்முதல் அதுவாகத்தான் இருக்கும். பிறகு மதுரையில் கண்ணகியிடம் மனம் நொந்து பேசும்போது அவன் மாலையின் விலையைச் சொல்லி அழவில்லை. பெற்றோருக்குச் செய்த பிழையை, கண்ணகிக்குச் செய்த சிறுமையை நினைத்துத்தான் வருந்துகிறான். இன்றும் கல்யாணப் புடவை எடுக்க ஒரு வேன் நிறைய உறவினர்கள் போவதைக் கிண்டல் செய்கிறோம். அதில் ஒரு வசதி இருக்கிறது: பிறகு நிறம் சரியில்லை என்று தோன்றினால் அந்த வருத்தம் பத்துப் பேருக்குப் பங்காகப் பிரிந்துவிடும். "அத்தைதானே எடுத்துக் கொடுத்தாங்க" என்று ஒரு வார்த்தை போதும். அதே காரணத்தால் அந்தப் புடவையைத் திருப்பிக் கொடுப்பதும் கடினம். கடைக்காரர் ஒப்புக்கொண்டாலும் அத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆனால் இதை வைத்து 'கிழக்கு இப்படி, மேற்கு அப்படி' என்று கோடு போட்டுவிடவும் முடியாது. 2003-ல் தாமஸ் கிலோவிச்சும் மற்றவர்களும் அமெரிக்கா, சீனா, ஜப்பான், ரஷ்யா ஆகிய நாடுகளில் வாழ்க்கையின் பெரிய வருத்தங்களைக் கேட்டார்கள். எல்லா இடத்திலும் மக்கள் செய்ததைவிடச் செய்யாமல் விட்டதற்கே அதிகம் வருந்தினார்கள். வருத்தத்தின் அடிப்படைச் சரக்கு ஒன்றுதான். அது யாரை நோக்கிப் பேசுகிறது என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

இது வெறும் ஆய்வுக்கூட விஷயம் இல்லை என்பதற்கு ஜப்பானே சாட்சி. எண்பதுகளின் முதல் பாதியில் 'டொயோட்டா ஷோஜி' என்ற நிறுவனம் (கார் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) வீடு வீடாகப் போய்த் தங்கம் விற்றது. தங்கத்தைக் கையில் கொடுக்காமல் ஒரு பத்திரத்தை மட்டும் கொடுத்தது. விற்பனையாளர்கள் தனியாக வாழும் முதியவர்களைத் தேடிப் போனார்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள், தோள் பிடித்துவிட்டார்கள், கடைக்குப் போய்வந்தார்கள். சொந்தப் பிள்ளை எட்டிப் பார்க்காத வீட்டில் பேரனைப் போல வந்து உட்காரும் பையனிடம், "எனக்கு வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடு" என்று எப்படிச் சொல்வது? பொருளைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் அந்த உறவை முறிக்கும் வருத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பல்லாயிரம் பேர் சேமிப்பை இழந்தார்கள். 1985 ஜூனில் நிறுவனத்தின் தலைவர் பத்திரிகையாளர்களின் கேமராக்கள் வெளியே காத்திருக்கும்போதே கொலை செய்யப்பட்டார்.

ஜப்பானில் அப்போது திரும்பப் பெறும் சட்டம் இல்லாமல் இல்லை. 1972-லேயே தவணை முறை விற்பனைக்கு நான்கு நாள் 'கூலிங் ஆஃப்' வந்துவிட்டது. சூடு தணியும் காலம் என்று சொல்லலாம். 1964-ல் பிரிட்டன் வாடகைக் கொள்முதலுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இதற்கு முன்னோடி. அமெரிக்காவில் வீட்டு வாசல் விற்பனைக்கு மூன்று வேலை நாள் விதி 1972-ல் அறிவிக்கப்பட்டு 1974-ல் அமலானது. ஐரோப்பா 1985-ல் ஏழு நாள் கொடுத்தது. 2011-ஆம் ஆண்டு உத்தரவில் அது 14 நாளானது. சீனாவில் 2014 முதல் இணையத்தில் வாங்கியவற்றை ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம். ஜப்பானில் இன்று வீட்டு வாசல் விற்பனைக்கு எட்டு நாள், சங்கிலித் தொடர் விற்பனைக்கு இருபது நாள். நேரில் சொல்லத் தயங்குபவர் ஒரு தபால் கார்டில் எழுதிப் போட்டாலே போதும் என்று வைத்தது, அந்த ஊர் மனத்தை அறிந்தவர்கள் செய்த வேலை. முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

இந்தியாவில் 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019-ல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் முப்பது நாளுக்குள், திருப்பி வாங்க மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது அது. குறை இருந்தால் மட்டும். மனம் மாறியதற்குப் பொதுவான உரிமை எதுவும் இல்லை. ஆயுள் காப்பீட்டில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது: பாலிசியைப் படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தர 2002 முதல் 15 நாள் கொடுத்தார்கள், 2024-ல் அதை 30 நாளாக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத, இருபது வருடம் கழித்துக் குணம் தெரியப்போகும் சரக்குக்கு ஒரு மாதம். துணிக்கு ஒரு நாள், விதைக்குப் பத்து நாள் என்று எண்ணியவர் இருந்தால் இதற்கு எத்தனை நாள் போட்டிருப்பாரோ!

கடைவீதியில் இன்னும் பழைய ஆங்கிலேயர் காலத்துக் காற்றுதான். பில்லின் அடியில் பொடி எழுத்தில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று இருக்கும். கொஞ்சம் தாராளமான கடை என்றால் "மாற்றித் தரப்படும், பணம் வாபஸ் இல்லை" என்று இருக்கும். ஆன்லைனில் பட்டனைத் தட்டி மூன்றே நிமிடத்தில் செருப்பைத் திருப்பி அனுப்பும் அதே பையன், தெருமுனைத் துணிக்கடைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போகத் தயங்கி, அம்மாவை அனுப்புகிறான். அம்மா போய்க் கடைக்காரரிடம் முதலில் அவர் பெண்ணின் படிப்பை விசாரித்துவிட்டு, பிறகுதான் பையைத் திறக்கிறார்.